மாகாளிக் கிழங்குக்கு ஒரு சான்று

அரும்பாவூர்
20.11.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை பரிமளா எழுதுவது. இங்கே நானும், மூன்று கோழிகளும், போன மாதம் குட்டி போட்ட ஆடும் சுகம். உங்கள் காது மிஷின் இன்னும் விசில் அடிக்கிறதா? சாந்தா அண்ணியிடம் போனில் சொன்னால் உங்களிடம் பாதிதான் வந்து சேர்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

பச்சைமலை அடிவாரத்தில் நம் அரை ஏக்கரில் மூன்று வருடத்துக்கு முன் மாகாளிக் கிழங்கு நட்டேன் அல்லவா? நீங்களும் லீவு போட்டு வந்து குழி எடுத்துக் கொடுத்தீர்களே. இந்தக் கார்த்திகையில்தான் முதல் வெட்டு. ஸ்ரீரங்கத்தில் ஊறுகாய் போட்டு விற்கும் ஓர் அம்மா இரண்டு மூட்டை கேட்டிருந்தார். திங்கட்கிழமை காலை மினி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். சோதனைச் சாவடியில் புதிதாக வந்திருக்கும் பாரஸ்ட் கார்டு மறித்தான். ஒரு கிழங்கை எடுத்து உடைத்து மோந்து பார்த்தான்.

"எங்க வெட்டினது?" என்றான்.

"எங்க காட்டுலதாங்க" என்றேன்.

நாம் கொல்லையைக் காடு என்றுதானே சொல்வோம். அந்த ஆளுக்கு மன்னார்குடிப் பக்கமாம். அங்கே காடு என்றால் காடுதான் போலிருக்கிறது. காப்புக்காட்டில் தோண்டியதை நானே ஒப்புக்கொண்டதாக எழுத ஆரம்பித்துவிட்டான். பிறகு டிரைவர் எடுத்துச் சொன்னதும் அடித்துத் திருத்தினான். "சொந்தக் கொல்லைன்னா அதுக்குப் பேப்பர் எங்கம்மா?" என்று கேட்டான். கிழங்குக்குப் பேப்பர் உண்டென்று எனக்கு யார் சொன்னார்கள்? இரண்டாவது மூட்டையைப் பிரித்தவன் என் முகத்தைப் பார்த்தான். இரண்டு மூட்டையையும் இறக்கி வைத்துக்கொண்டு ரசீது கொடுத்துவிட்டான்.

நீங்கள் கவலைப்பட வேண்டாம். நானே பார்த்துக்கொள்கிறேன். அண்ணிக்கு என் விசாரிப்பு.

உங்கள் தங்கை,
பரிமளா

*

ரெட்டிபாளையம்
25.11.2024

தங்கச்சி பரிமளாவுக்கு,

அண்ணன் வீரமுத்து. இங்கே இருவரும் திடமாக இருக்கிறோம். காது மிஷினைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டேன். சிமெண்ட் ஆலையின் கிரஷர் பக்கத்தில் இருபது வருடம் நின்று போன காது, மிஷின் வைத்தா திரும்பப் போகிறது? இப்போது என்னை ஆலையின் நாற்றுப் பண்ணைக்கு மாற்றிவிட்டார்கள். செடிகளோடு வேலை. அவை என்னிடம் எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியதில்லை.

உன் கடிதம் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்தவர் கொல்லையில் களை பறித்துப் பறித்து அப்பா வாங்கிய நிலம் அது. அதில் நீ தனி ஒருத்தியாக வளர்த்ததை எவனோ ஒருவன் இறக்கி வைத்துக்கொள்வதா? நீ சொன்னாய் என்பதற்காக நான் சும்மா இருக்க முடியாது. ரேஞ்சருக்கு ஒரு மனு எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். "கணவனை இழந்த பெண்மணியின் உழைப்பை, அவர் பேசிய தமிழ்கூடப் புரியாத வனக்காப்பாளர் பறித்துக்கொண்டார்" என்று ஆரம்பித்து நான்கு பக்கம். யூனியனில் படித்துக் காட்டினேன். எல்லோரும் கை தட்டினார்கள்.

தைரியமாக இரு. சாந்தா உனக்கு முறுக்கு சுட்டு வைத்திருக்கிறாள். யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்து அனுப்புகிறோம்.

அண்ணன்,
வீரமுத்து

*

அரும்பாவூர்
17.12.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

மழை விட்டுவிட்டது. எனக்கு லேசாகச் சளி, மற்றபடி ஒன்றுமில்லை. அண்ணியின் முறுக்கு வந்து சேர்ந்தது. பாதி பொடியாகத்தான் வந்தது. அதையும் விடவில்லை.

போன வாரம் அந்த கார்டு நம் கொல்லைக்கு வந்திருந்தார். பெயர் கலையரசன். கூடவே வாட்சர் அண்ணாதுரையும் வந்தார். குழி குழியாக நடந்து எண்ணினார்கள். வெட்டியது போக இருநூற்றுப் பன்னிரண்டு கொடி. நான் எண்ணி வைத்திருந்தது இருநூற்றுப் பத்து. விட்டுப்போன இரண்டும் வேலிக்குள் ஏறிக் கிடந்ததை அவர்தான் கண்டுபிடித்தார்.

விதிமுறையைப் பொறுமையாகச் சொன்னார். மலையில் இந்தக் கிழங்கு அருகிக்கொண்டே வருகிறதாம். வேரோடு தோண்டினால் கொடி அதோடு சரி. அதனால் காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் கை வைக்கக் கூடாது. சொந்த நிலத்தில் பயிர் செய்தால் தடையில்லை, ஆனால் பயிர் செய்ததுதான் என்று ஆய்வு நடந்து, பேரூராட்சியில் இருக்கும் பல்லுயிர்க் குழு சான்று தர வேண்டும். அதைக் காட்டினால் வண்டியில் ஏற்ற வனத்துறை அனுமதிச் சீட்டு தரும். "சான்று வாங்கிட்டீங்கன்னா யாரும் உங்களை நிறுத்த முடியாதுங்க. நானும்தான்" என்றார்.

டீ போட்டேன். ஆய்வுக்குப் போகும் வீட்டில் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்று சொல்லிவிட்டார். டீயை அண்ணாதுரை குடித்தார்.

அண்ணா, அந்த மனுவைத் திரும்ப வாங்க முடியுமா?

பரிமளா

*

ரெட்டிபாளையம்
24.12.2024

தங்கச்சிக்கு,

எங்கள் இருவருக்கும் சுகம்தான். உன் சளிக்குக் கற்பூரவல்லி இலையை வாட்டிச் சாறு குடி.

கொடுத்த மனுவை எதற்குத் திரும்ப வாங்க வேண்டும்? நேற்றுத்தான் ரேஞ்சர் ஆபீஸிலிருந்து எனக்குப் பதில் வந்தது. அந்தக் கலையரசனிடம் விளக்கம் கேட்டு மெமோ கொடுத்திருக்கிறார்களாம். என் மனு நன்றாக வேலை செய்கிறது. இப்போது போய் எதற்குப் பின்வாங்க வேண்டும்? கொல்லைக்கு வந்து எண்ணினான் என்றால் அதுவும் பயத்தில்தான்.

ஒன்று மட்டும் சொல். அந்த இரண்டு மூட்டையும் நம் கொல்லையில் வெட்டியதுதானே? மூன்று வருடக் கொடியில் இரண்டு மூட்டை என்பது எங்கள் பண்ணை சூப்பர்வைசருக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

பொங்கலுக்கு வர முடியாது, ஆலையில் ஷிப்ட். கரும்பு வாங்கிக்கொள்.

வீரமுத்து

*

அரும்பாவூர்
21.1.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

பொங்கல் நல்லபடியாக முடிந்தது. நீங்களும் அண்ணியும் நலமாக இருக்க வேண்டும். ஒரு மாதமாகப் பதில் எழுதாததற்குக் காரணம் வேலை அல்ல. எழுதக் கை வரவில்லை.

இரண்டாவது மூட்டை நம்முடையது இல்லை, அண்ணா. நம் கொல்லையில் ஒரு மூட்டைதான் தேறியது. முதல் ஆர்டரிலேயே இல்லை என்று சொன்னால் அந்த அம்மா வேறு ஆளைப் பார்த்துவிடுவாரோ என்று பயந்தேன். மலையிலிருந்து ஒருவர் கொண்டு வந்து கொடுத்ததை வாங்கிச் சேர்த்துவிட்டேன். அது காப்புக்காட்டுக் கிழங்கு. சாவடியில் மூட்டையைப் பிரித்தபோதே அந்த கார்டுக்குத் தெரிந்துவிட்டது. பாறை இடுக்கில் விளைந்த கிழங்கு முறுக்கிக்கொண்டிருக்கும், கடப்பாரைக் காயம் இருக்கும். நம்முடையது நேராக நீளும். கொல்லைக்கு வந்த அன்று கிளம்பும்போது சொன்னார். "ரெண்டாவது மூட்டை விசாரணையில இருக்குன்னு எழுதியிருக்கேங்க. நீங்களா வந்து எழுதிக் கொடுத்தா ஒரு விதம். நான் எழுதினா வேற விதம். ஜனவரி கடைசி வரைக்கும் பார்க்கிறேன்."

அதை உங்களுக்கு எழுத வெட்கமாக இருந்தது. அதற்குள் மெமோ போய்விட்டது. விளக்கத்தில் இந்த உண்மையை எழுதியிருந்தால் அவர் அன்றைக்கே தப்பித்திருக்கலாம். ஆனால் விதிப்படி செய்தேன், விசாரணை முடியட்டும் என்று மட்டும் எழுதிக் கொடுத்தாராம். அண்ணாதுரைதான் சொன்னார். மறுநாள் எனக்கு வேலை ஓடவில்லை.

காணும் பொங்கல் முடிந்த திங்கட்கிழமை ரேஞ்சர் ஆபீஸுக்குப் போய் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். விற்றது யார் என்று கேட்டார்கள். வாங்கியவள் நான், தப்பு என்னுடையது என்றேன். அபராதம் போட்டார்கள், கட்டிவிட்டேன். அந்த மூட்டை போனது போனதுதான். நம் மூட்டை சான்று வந்த பிறகு திரும்பக் கிடைக்குமாம். அவர் மீது தப்பில்லை என்பதையும் எழுதிக் கொடுத்தேன்.

உங்கள் பெயரைக் கெடுத்துவிட்டேன். திட்டி எழுதுங்கள், படித்துக்கொள்கிறேன்.

பரிமளா

*

ரெட்டிபாளையம்
28.1.2025

தங்கச்சி பரிமளாவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை, மனதுக்குத்தான் இரண்டு நாள் சரியில்லை. திட்டி ஒரு கடிதம் எழுதினேன். அதைச் சாந்தா கிழித்துவிட்டாள். இது இரண்டாவது.

நான்கு பக்கம் எழுதினேனே, யூனியனில் எழுந்து நின்று படித்தேனே, நினைத்தால் காது மடல் சுடுகிறது. ஆனால் யாரும் இழுத்துப் போகாமல் நீயாகப் போய் எழுதிக் கொடுத்தாய் பார், அந்த ஒன்றுக்காக மற்றதையெல்லாம் விட்டேன். மனுவைத் திரும்பப் பெறுவதாக ரேஞ்சருக்கு எழுதிவிட்டேன். கலையரசனுக்கும் தனியாக ஒரு மன்னிப்புக் கடிதம். "ஐயா" என்று ஆரம்பித்தேன்.

உன் கடிதத்தைச் சாந்தாவும் படித்தாள். படித்துவிட்டுச் சிரித்தாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று கேட்டேன். "ஒங்களுக்குக் காது மட்டும்தான் போச்சுன்னு நெனைச்சேன்" என்றாள். என்ன சொல்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.

சான்றுக்கு உடனே விண்ணப்பம் போடு.

வீரமுத்து

*

அரும்பாவூர்
12.3.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

வெயில் ஆரம்பித்துவிட்டது. ஆட்டுக்குட்டி நன்றாக வளர்ந்துவிட்டது. அங்கே சிமெண்ட் தூசியில் அண்ணிக்கு மூச்சு இரைக்காமல் இருக்கிறதா?

பிப்ரவரி மூன்றாம் தேதியே விண்ணப்பம் போட்டேன். கொடிக்கெல்லாம் நம்பர் எழுதித் தகரம் கட்ட வேண்டும் என்றார்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை யூனிபார்ம் இல்லாமல் வந்து அவர் கட்டிக் கொடுத்தார். நூற்று நாற்பதாவது கொடியில் தேன்சிட்டுக் கூடு ஒன்று தொங்கியது. குஞ்சு பறக்கும் வரை அதில் கம்பி சுற்ற வேண்டாம் என்று நம்பரைக் கல்லில் எழுதி வைத்தார். அப்படிப்பட்ட மனுஷன்.

அதற்குப் பிறகு ஆளே வரவில்லை. ஆய்வுக்கு வருகிறேன் என்ற தேதி போய்விட்டது. ஆபீஸில் கேட்டால், ஃபைலை அவர் திருப்பி அனுப்பிவிட்டாராம், வேறு ஆள் வர வேண்டுமாம். ஏன் என்று சொல்ல மாட்டேன் என்கிறார்கள். சாவடி வழியாகப் போனால் உள்ளே போய் ரிஜிஸ்டரைப் பார்க்கிறார். குழுக் கூட்டம் நடந்து முடிந்தது, என் பெயர் வரவில்லை. என் அபராதத்தை மனதில் வைத்துக்கொண்டாரா? அப்படியென்றால் தகரம் கட்ட எதற்கு வந்தார்?

எனக்கு ஒன்றுமில்லை. சான்று வராததுதான் வருத்தம். ஞாயிற்றுக்கிழமை காலையில் பழக்கத்தில் இரண்டு டம்ளர் டீ போட்டுவிட்டேன். அவர் குடிக்க மாட்டார் என்று தெரிந்தும் போட்ட பழக்கம்.

அண்ணா, நான்கு பக்கம் வேண்டாம். ஃபைல் ஏன் திரும்பியது என்று கேட்டு ஒரே பக்கம் எழுதுங்கள்.

பரிமளா

*

ரெட்டிபாளையம்
22.4.2025

தங்கச்சி பரிமளாவுக்கு,

நாங்கள் சுகம், மிகவும் சுகம். நீ உட்கார்ந்துகொண்டு படி.

மனு எழுதவில்லை. மனு என்றாலே இப்போது பேனாவைக் கீழே வைத்துவிடுகிறேன். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டி, உன் விண்ணப்ப ஃபைலின் குறிப்புத்தாள் நகல் கேட்டேன். நேற்று வந்தது. அதில் உள்ளதை ஓர் எழுத்து விடாமல் எழுதுகிறேன். நகலையும் இதோடு வைத்திருக்கிறேன்.

"விண்ணப்பதாரர் திருமதி பரிமளா எனக்கு வேண்டியவர். இது அவருக்குத் தெரியாது. எனவே அவருடைய நிலத்தை நான் ஆய்வு செய்து அறிக்கை அளிப்பது முறையாகாது. வேறு பணியாளரை நியமிக்கப் பணிந்து கேட்டுக்கொள்கிறேன். சு. கலையரசன், வனக்காப்பாளர்."

அதன் கீழே ரேஞ்சர் பச்சை மையில் "ஏற்கப்பட்டது" என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

மூன்று தடவை படித்தேன். பிறகு சாந்தாவிடம் கொடுத்தேன். அவள் ஜனவரியிலேயே சிரித்துவிட்டதால் இப்போது அழுதாள்.

தங்கச்சி, நான் எத்தனையோ ஆபீஸ் தாள்களைப் பார்த்தவன். தனக்குப் பாதகமாக ஒருவர் இப்படி எழுதியதைப் பார்த்ததில்லை. அறிக்கையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து உன்னிடம் நல்ல பெயர் வாங்கியிருக்கலாம். நீ என்ன நினைக்கிறாய்?

அண்ணன்

*

அரும்பாவூர்
6.5.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. நலம். அங்கும் அப்படியே இருக்க வேண்டும்.

ஆய்வுக்கு வெற்றிச்செல்வி என்று ஒரு பெண் காப்பாளர் வந்து எண்ணிவிட்டுப் போனார். இருநூற்றுப் பன்னிரண்டு சரியாக இருந்தது. போன வாரக் கூட்டத்தில் சான்று கொடுத்துவிட்டார்கள். கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறேன். நம் மூட்டையைத் திருப்பிக் கொடுத்தார்கள், மணலில் புதைத்து வைத்தும் பாதி காய்ந்துவிட்டது, மீதியை நானே ஊறுகாய் போட்டேன். கொடிகளில் காய் வெடிக்க ஆரம்பித்திருக்கிறது. விதை பஞ்சோடு பறந்துவிடும், வெடிக்கும் முன் துணிப்பை கட்ட வேண்டும். இந்த வருடம் ஆயிரம் நாற்றுப் போடலாம் என்று இருக்கிறேன். வனத்துறை மலையில் நடுவதற்கு ஐந்நூறு நாற்று என்னிடமே கேட்டிருக்கிறது. வெயில் அதிகம்.

பரிமளா

*

ரெட்டிபாளையம்
12.5.2025

தங்கச்சி,

சுகம். சான்று கிடைத்ததற்குச் சந்தோஷம். விதையைப் பற்றி எழுதியிருக்கிறாய், வெயிலைப் பற்றி எழுதியிருக்கிறாய். நான் கேட்டதற்கு ஒரு வரிகூட இல்லை.

வீரமுத்து

*

அரும்பாவூர்
9.6.2025

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

இருவரும் நன்றாக இருக்கிறீர்களா? நான் எப்படி இருக்கிறேன் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. அதனால்தான் இத்தனை நாள்.

சான்று கைக்கு வரும் வரை அவரிடம் பேசக் கூடாது என்று இருந்தேன். வந்த பிறகும் கால் எழவில்லை. போன வியாழக்கிழமை அந்த நகலை எடுத்துக்கொண்டு சாவடிக்குப் போய்விட்டேன். மேசை மேல் வைத்தேன். படித்தார். முகம் சிவந்துவிட்டது.

"ஆபீஸ் பேப்பர் எப்படிங்க உங்க கையில?"

"சட்டப்படி கேட்டு வாங்கினதுங்க. இதுல எழுதினது நெசங்களா?"

"குறிப்புத்தாள்ல பொய் எழுத முடியாதுங்களே" என்றார்.

"ஒரு வரி தப்பா இருக்குங்க" என்றேன். "அவருக்குத் தெரியாதுன்னு எழுதியிருக்கீங்க. எனக்குத் தகரம் கட்டின நாள்லயே தெரியும்."

அவர் பேனாவை எடுத்தார், மூடினார், மறுபடி எடுத்தார். அந்த நேரம் பார்த்து ஒரு லாரி வந்து நின்றது. வண்டியைப் பார்க்க வேண்டிய மனுஷன் அசையவே இல்லை. அண்ணாதுரைதான் ஓடிப்போய்ப் பார்த்தார்.

அவருக்கு நாற்பத்து மூன்று வயது. தங்கைகளைக் கட்டிக் கொடுத்துவிட்டு அப்படியே இருந்துவிட்டார். அவர் அம்மா இப்போது பூலாம்பாடியில் அவரோடுதான் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா மகனைக் கூட்டிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தார். நம் தெரு எது, நாம் யார் என்று தெரிந்துதான் வந்தார். வாசலில் நிற்காமல் நேராக அடுப்படிக்கு வந்து உட்கார்ந்து, மாகாளி ஊறுகாய் தொட்டுக்கொண்டு மோர் சோறு இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். "எம் மவன் இதுக்குத்தான் ஃபைலைத் திருப்பினானா" என்று சிரித்தார். இப்போது எனக்கும் அவருக்கும் ஆபீஸ் காரியம் ஒன்றும் இல்லாததால், அவர் இரண்டு டம்ளர் டீ குடித்தார்.

ஆவணியில் ரிஜிஸ்டர் ஆபீஸில் வைத்துக்கொள்ளலாம் என்கிறார். முப்பத்தொன்பது வயதில் எனக்கு இது வேண்டுமா என்று ஒரு நாள் தோன்றுகிறது, மறுநாள் பாட்டு வருகிறது. அப்பா இல்லாத இடத்தில் நீங்கள்தான். உங்கள் அனுமதி வேண்டும்.

உங்கள் தங்கை,
பரிமளா

*

ரெட்டிபாளையம்
13.6.2025

அன்புத் தங்கச்சி பரிமளாவுக்கு,

அண்ணனும் அண்ணியும் இந்த நிமிடம் மிக நன்றாக இருக்கிறோம்.

இதற்கெல்லாம் அனுமதி கேட்காதே. எட்டு வருடம் தனியாக இருந்து, அரை ஏக்கரை ஆளாக்கியவள் நீ. எங்களுக்குத் தகவல் சொன்னால் போதும், வந்து நிற்கிறோம். அந்த அம்மா உன் அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டார் என்ற இடத்தை நான் சாந்தாவுக்குப் படித்துக் காட்ட முடியவில்லை. அவளே வாங்கிப் படித்துக்கொண்டாள்.

இன்று காலை ஆலையில் லீவு விண்ணப்பம் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் "தங்கை கல்யாணம்" என்று எழுதினேன். சூப்பர்வைசர் படித்துவிட்டு எழுந்து கை கொடுத்தார். கல்யாணம் ஆவணியில்தானே, வைகாசியிலேயே எதற்கு விண்ணப்பம் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினார். நான் அதன் கீழேயே பதில் எழுதினேன்: "அதுவரை வைத்திருக்க முடியவில்லை சார்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் நாங்கள் வருகிறோம். மாப்பிள்ளையை வீட்டுக்கு வரச் சொல்.

அண்ணன்,
வீரமுத்து